நாப்பத்தி மூணாவது கேள்வி

"ஓ.டி.பி. வந்துச்சாப்பா? சீக்கிரம் சொல்லு!"

"சொல்ல மாட்டேன்"னாரு எலியேசர் சார், மக ஆஷாகிட்ட.

தாம்பரத்துல என் பிரௌசிங் சென்டர். மணி நாலே முக்கால். அஞ்சு அடிச்சா சைட்ட மூடிடுவான்.

காலேஜ் என்ட்ரன்ஸ் எழுதுன ஆஷா, பரீட்சை நடத்துனவங்க வுட்ட ஆன்சர் கீ-ல நாப்பத்தி மூணாவது கேள்விக்குப் பதிலே தப்புன்னு அப்ஜெக்சன் போட வந்துகீது. அதுக்குக் கட்டுற பீஸுக்கு ஓ.டி.பி. அப்பா போனுக்குத்தான் வரும். அங்கதான் பேஜாரு.

சார் தொண்டைய கனைச்சாரு. க்ர்ர்க்கும்! போச்சுடா, பிரசங்கம்.

"எங்க காலத்துல அறுவது மார்க்குன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ். தெருவே வந்து எட்டிப் பாக்கும். வாத்தியார் போட்டதுதான் மார்க்கு. எதுத்துப் பேசுவோமா? மூச்! இப்ப என்னடான்னா, பரீட்சை வெச்சவனுக்கே மார்க்கு போடுறீங்க!"

"அப்பா, டைம் ஆவுது..."

"உனக்குத்தான் நல்லா வந்திருக்கே? உன் ஃப்ரெண்டு ஜீவிதாவப் பாரு. போன வருஷ கட்-ஆஃபுக்கு மூணு மார்க்கு கம்மி. அந்தப் பொண்ணே அழுதுட்டு கம்முனு இருக்கு. உனக்கு பேராசை!"

நானும் சும்மா இருப்பனா?

"வுடு சார். நூத்துக்கு நூறு குடுத்தாலும், 'சார், கொசுறு இல்லியா?'ன்னு கேப்பாங்க"ன்னு ஆஷா கொரல்லயே பேசிக் காட்டுனேன்.

சார் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. ஆஷா சிரிக்கல. பாடப் புக்க தொறந்து நீட்டுச்சு.

"அண்ணா, இந்தப் பக்கத்த ஸ்கேன் பண்ணுங்க. இதான் ப்ரூஃப்."

பாத்தேன். பொண்ணு சொல்றது நியாயம்தான். கீ-ல 'பி'ன்னு கீது. புக்குல பதில் 'சி'.

சாரும் கண்ணாடிய ஏத்திவுட்டுப் பாத்தாரு.

"சரி, 'சி'ன்னு மாத்துனா உனக்கு எவ்ளோ ஏறும்?"

"ஏறாதுப்பா. அஞ்சு மார்க்கு எறங்கும்."

"எறங்குமா?"

"நான் போட்டது 'பி'. வந்த நாலும் போயி, தப்புக்கு ஒண்ணு கழிப்பாங்க. ஜீவிதாதான்பா 'சி' போட்டா."

சார் கைல இருந்த போனையே பாத்துகினு நின்னாரு.

"இந்த ஓ.டி.பி. காலாவதி ஆயிடுச்சும்மா." போனை ஆஷா கைலயே குடுத்தாரு. "இன்னொண்ணு அனுப்பச் சொல்லு. சீக்கிரம்... சீக்கிரம்!"