நாலு நிமிட இருட்டு

விளக்கு, சிந்தசைசர், திரை எல்லாம் ஒரே கணினியில் ஓடிய அந்த நியூ வேவ் இசைக்குழுவின் கடைசிக் கச்சேரியைப் பற்றிப் பழைய ரசிகர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பாட்டு நடுவுல நாலு நிமிஷம் மொத்த மேடையையும் அணைச்சாங்களே! அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்?” என்றாள் சுகந்தி.

பெர்னார்ட் தலை நிமிரவில்லை. அன்று திருட்டுத்தனமாகப் பதிவு செய்ய, மேடையோரத்தில் ஏதோ ஒரு பிளக்கை உருவிவிட்டுத் தன் டேப் ரிக்கார்டரைச் செருகியவன் அவன்தான். அந்தக் கேசட் தன்னிடம் இருப்பதாக முப்பது வருடம் பீற்றிக்கொண்டதில், இன்று கொண்டுவராமல் தப்ப முடியவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.

“எல்லாரும் சும்மா இருங்க, அந்த அமைதியைக் கேக்கலாம்” என்று சுகந்தி பொத்தானை அழுத்தினாள்.

கேசட் சுற்றத் தொடங்கியது. இன்னும் இரண்டு நொடியில் அதில் அவன் குரல் வரும்: “ஐயோ, எதை உருவித் தொலைச்சேன்?”