நடுவில் ஒரு இருமல்

“ம், போடுங்க தம்பி” என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கொட்டாவியை விழுங்கியபடி.

மடிக்கணினி முன் நின்றவனுக்குக் கல்லூரியில் ‘அரியர்’ என்றுதான் பெயர். இதே புராஜெக்ட் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவன். இதுவும் போனால் பட்டத்துக்குப் பெரிய கும்பிடு.

இம்முறை அவன் எழுதிய புரோகிராம், கல்லூரியின் மதியச் சாப்பாட்டு மணியோசையைக் கணக்குப் போட்டே உண்டாக்கும். பதிவு செய்த ஒலி பொட்டுக்கூடக் கிடையாது.

முதலில் வந்த மணி, கரண்டி கீழே விழுந்த மாதிரி இருந்தது.

ஒன்றோடொன்று ஒட்டாத பதினேழு சுரங்களை அடுக்கி, மேல்சுரங்களைச் சீக்கிரம் சாகடித்து, அடிச்சுரத்தை முனகவிட்டதும் வெண்கலம் வந்தது. விளிம்பு விரிசலைச் சேர்த்தான். வழுக்கி விழும் நாலாவது அடியையும் சேர்த்தான்.

அப்படியும் என்னவோ குறைந்தது.

மணியடிக்கும் பியூன் மூன்றாவது அடிக்கும் நாலாவதுக்கும் நடுவே ஒருமுறை இருமுவார். அந்த இருமலுக்கு மட்டும் மூன்று வாரம்.

இப்போது பொத்தானை அழுத்தினான்.

டாங். டாங். டாங். லொக். டாங்.

தேர்வாளர் பேனாவை மூடினார். வராந்தாவில் சாப்பாட்டு டப்பாக்கள் திறந்தன.

தேர்வாளரின் கைக்கடிகாரம் பன்னிரண்டு நாற்பது காட்டியது. சனியன், நின்று நின்று ஓடுகிறது என்று முள்ளைத் திருகி ஒன்றில் வைத்தார்.

மணியடித்தது தன் புரோகிராம்தான் என்று நம்பவைக்க அரியர் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான்.

“அளக்காதே. பியூன் இருமினதை நானே கேட்டேன்” என்றார் தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துறைத்தலைவர். “அடிக்கலைன்னு அவர் வாயால சொல்லட்டும், முழு மார்க் போடச் சொல்றேன்.”

மூவரும் படியிறங்கினார்கள்.

மணிக்குக் கீழே ஸ்டூலில் பியூன். மடியில் மரச்சுத்தி. வாயோரத்து ஈரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே துள்ளி எழுந்தார்.

துறைத்தலைவரைப் பார்த்தார். சுத்தியைப் பார்த்தார். டப்பாவும் கையுமாகப் போகிற கூட்டத்தைப் பார்த்தார்.

“நான் அடிக்காம வேற யாருங்க ஐயா அடிப்பா? நடுவுல இருமினதுகூட நல்லா ஞாபகம் இருக்கு.”

அன்று ஒரு மணிக்கு மணி அடிக்கவில்லை.