என் தப்புதான், முதலாளி

“என் தப்புதான், முதலாளி,” என்று அவன் மூன்றாவது முறையாகச் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவிக்கு, மிச்சமிருக்கிற விரல்களையும் தானே ஒடித்துவிடலாமா என்றிருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், தகர மூடி அடிக்கும் பிரஸ்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுதான் இரண்டு மாதத்துக்கு முன்னால் அவன் வலது கையிலிருந்து மூன்று விரல்களை வாங்கிக்கொண்டது.

யார் தப்பு என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் கீழே இறங்க வேண்டும். வேகம் போதவில்லை என்று ஒரு பட்டனைக் கம்பியால் இழுத்துக் கட்டச் சொன்னவர், எதிரே நாற்காலியில் சாய்ந்திருக்கும் இதே முதலாளிதான்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராக இவரிடம்தான் ஓடி வந்தாள். காரை விட்டு இறங்காமலேயே, “அப்படி ஒருத்தன் எங்ககிட்ட வேலைக்கே இல்லையேம்மா,” என்றார். எட்டு வருஷமும் சம்பளத்தை உறையில் போட்டுக் கையில் கொடுத்தவர். பேச்சு முடிவதற்குள் கார்க் கண்ணாடி மேலே ஏறிவிட்டது. அந்தக் கண்ணாடியை ஒரு நாள் கீழே இறக்க வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இப்போது வேறு ஆசை கிடையாது.

அடுத்த வாரம் மூடி வாங்கும் கம்பெனியிலிருந்து ஆட்கள் சோதனைக்கு வருகிறார்களாம். அதற்குள் விவகாரத்தை முடிக்கத்தான் இந்த அழைப்பு.

“மூணு மாசச் சம்பளம் தரேன்,” என்றார் முதலாளி. “இனிமே எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துடணும்.”

“மூணு விரலுக்கு மூணு மாசமா?” என்றாள் அவள். “பத்தும் போயிருந்தா ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கலாம் போல.”

“நீ சும்மா இரு,” என்றான் கணவன். “அவர் குடுக்கறதே பெரிசு.”

பக்கத்து மேஜையிலிருந்த கணக்கர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டத் தொடங்கினார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“பணம் வாங்கிட்டேன்னு மட்டும் போட்டாப் பத்தாது முதலாளி. நான் கவனமில்லாம கையை விட்டதாலதான் அடிபட்டுச்சுன்னு போடுங்க. எந்தத் தேதி, எந்த மிஷின்னும் சேர்த்துக்கங்க. இல்லன்னா நாளைக்கு எவனாவது ஏத்திவிட்டா நானே மாத்திப் பேசிடுவேன். மனுஷ புத்திதானே.”

முதலாளி கணக்கரைப் பார்த்துப் புன்னகைத்தார். “பாத்தீங்களா? எட்டு வருஷம் நம்ம உப்பைத் தின்னவன். விசுவாசம் எங்க போகும்?”

“அதையும் போட்டுடுங்க முதலாளி, எட்டு வருஷம்னு,” என்று அவன் கூச்சத்துடன் சொன்னான்.

அவளால் பொறுக்க முடியவில்லை. “எழுதுங்க, நல்லா எழுதுங்க. அந்த மிஷினுக்கு வலிச்சிருக்கும். அதுகிட்ட மன்னிப்புக் கேட்டும் ஒரு வரி போட்டுடுங்க.”

கணக்கர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்.

காகிதம் வந்தது. அவன் இடது கையால், எழுத்துக் கூட்டும் பிள்ளையைப் போல ஒவ்வொரு எழுத்தாக இறக்கிக் கையெழுத்துப் போட்டான். அந்தக் கோணல் எழுத்துகளை அவள் முறைத்துப் பார்த்தாள்.

“எங்களுக்கும் ஒண்ணு குடுங்க,” என்றாள்.

முதலாளியின் புருவம் உயர்ந்தது. “உனக்கு எதுக்கும்மா?”

“சட்டம் போட்டு மாட்டணும். தினம் காலையில அதைப் பாத்து இவரைத் திட்டணும்.”

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே இன்னொரு பிரதியை எடுக்கச் சொல்லி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தார். “பாவம்ப்பா நீ,” என்று அவன் தோளில் தட்டி அனுப்பினார்.

பஸ்ஸில் அவள் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. “ரோஷத்தையும் அந்த மிஷின்ல குடுத்துட்டு வந்துட்டீங்க,” என்று முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே சொன்னாள். வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து, “இறங்கு,” என்றான்.

தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரி அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் காகிதத்தை வாங்கினார். பாதி படிக்கும்போதே முகம் சுருங்கியது.

“என்னங்க இது? மூணு மாசச் சம்பளத்தோட எல்லாத்தையும் விட்டுக் குடுத்திருக்கீங்க. தப்பும் உங்களோடதுன்னு வேற.”

“நல்லாக் கேளுங்க மேடம்,” என்றாள் மனைவி.

“அது ரெண்டும் நிக்காதுன்னு போன மாசம் நீங்கதானே சொன்னீங்க?” என்றான் அவன். “வேலை நேரத்துல அடிபட்டா, கவனமில்லாம இருந்தாலும் நஷ்டஈடு உண்டு. வயசு, சம்பளம், போன விரல், இதை வச்சுத்தான் கணக்கு. எழுதி வாங்கிட்டாலும் அதைக் குறைக்க முடியாதுன்னீங்க.”

“சொன்னேன். ஆனா உங்களை எதுக்குத் திருப்பி அனுப்பினேன்? நீங்க அங்க வேலை பார்த்ததுக்கே ஒரு அத்தாட்சியும் இல்லையே.”

இரண்டு மாதத்தில் முதல் முறையாக அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இடது கையை நீட்டி, அதிகாரியின் கையிலிருந்த காகிதத்தின் முதல் வரியைத் தொட்டுக் காட்டினான்.

“அதைத்தான் மேடம் முதலாளியே கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் குடுத்திருக்காரு.”