பெஞ்சுக்குத் திரும்பும் சக்கை

ஆராதனை முடிந்த வெயிலில், பாறசாலைச் சபை முற்றத்துப் பெஞ்சின்மேல் பின்சி கொண்டுவந்த வரிக்கைச் சக்கை, ஒரு முழுப் பலாப்பழம், இருக்கிறது. காம்பில் வடிந்த பால் இன்னும் காயவில்லை. அவள் சபையில் கேட்டுக்கொண்டபடி, இன்றைய ஏலப் பணம் மார்புப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகிறது. அந்த நோயில்தான் அவள் பெரியம்மா போனாள், பிறகு அம்மா சத்தியபாய். சக்கை அம்மா நட்ட பிலாவில் காய்த்தது. "ஐநூறு, ஒருதரம், ரெண்டுதரம்" என்று சஜன் கூவுகிறான். எடுத்தவர் பணத்தைக் கட்டி, அதைத் தொட்டுவிட்டு, இன்னும் பணம் சேரட்டும் என்று மறுபடி ஏலத்துக்கே கொடுக்கிறார். இங்கே வழக்கம் அப்படி. நாலாவது முறையும் சக்கை பெஞ்சுக்கே திரும்புகிறது. ஒவ்வொரு முறை கை மாறும்போதும் வாசம் கூடுகிறது. அம்மா இருந்தால் இந்நேரம் விரல்முட்டியால் தட்டி, காதைச் சாய்த்து, "நாளைக்கு வெட்டலாம் மக்கா" என்றிருப்பாள். அவள் சொன்ன நாள் ஒருபோதும் தப்பியதில்லை. அப்படிப்பட்டவள், தன் மார்பில் இருந்த கட்டியை மட்டும் ஒரு வருஷம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். கடைசியில் எடுப்பது ரோசலெட் மாமி, பாடகர் குழுவில் அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்று பாடியவள். அவள் சக்கையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முள்ளின்மேல் இரண்டு கையையும் வைத்தபடி நிற்கிறாள். சஜன் அடுத்ததாக ஒரு சேவலைத் தூக்க, எல்லோரும் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள். மாமி பின்சியின் காதருகே குனிகிறாள். "எனக்க மாருலயும் ஒரு கட்டி உண்டு மக்கா. கிறிஸ்மசுக்கு முன்னமே உண்டு. வீட்டுல ஆருட்டயும் சொல்லேல. நாளைக்கு ஆசுபத்திரிக்கு நீ கூட வாறியா?"