வெள்ளித் தண்ணி

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்பதற்குள் முடித்தாக வேண்டும். சாந்தினி கணவனின் போத்தலைத் திறந்தாள். உள்ளே இருந்ததைக் கொட்டினாள். கலந்து ஒளித்து வைத்திருந்ததை அதில் ஊற்றி, மூடியை இறுக்கி, பழையபடி அவன் வேலைப் பைக்குள் வைத்தாள். உள்ளறையில் ஏழு வயது தேன்மொழி இருமிக்கொண்டே பள்ளிச் சீருடை மாட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதமாக இதே திருட்டு வேலை.

சுகுமாறன் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஸ்குரூடிரைவர் கையில் இருந்தால் மாசாயில் இருக்கும் வீட்டில் ஒரு சாமான் தப்பாது. வாட்ஸ்அப் வீடியோ ஒன்றை நம்பி, தண்ணீர் ஜாடிக்குள் இரண்டு வெள்ளிக் கம்பிகளை விட்டு பேட்டரி மாட்டினான். அந்தத் தண்ணீரைக் குடித்தால் நெஞ்சுக் கோளாறெல்லாம் ஓடிவிடுமாம்.

"வேணாங்க. தோலெல்லாம் நீலமாயிடுமாம், அப்புறம் மாறவே மாறாதாம். கிளினிக்ல சொன்னாங்க."

"சும்மா இரு லா. எதுவா இருந்தாலும் வீட்டுல பெரியவன் முதல்ல குடிச்சுப் பாக்கணும்."

பேசிப் பயனில்லை என்றான பிறகுதான் அவள் இதில் இறங்கினாள். அவன் ஜாடியிலிருந்து போத்தலில் நிரப்பி வைத்ததைச் சாக்கடையில் கொட்டுவாள். அதே மங்கல் மஞ்சள் நிறம் வர, குழாய்த் தண்ணீரில் இரண்டு சொட்டு தேயிலைச் சாயம் கலந்து நிரப்புவாள். மடப்பய மனுஷனைக் காப்பாற்றுகிறோம் என்று உள்ளுக்குள் பெருமைதான்.

இன்று சமையலறை மேசையைப் பார்த்ததும் அவள் கிட்டே போய்க் குனிந்தாள். பேட்டரியைக் காணோம். பழைய லேப்டாப் சார்ஜரில் கம்பிகள் மாட்டியிருந்தன. மீன் தொட்டி பம்ப் ஜாடியைக் கலக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

"என்னங்க இது?"

"நேத்து மாத்துனேன். இப்ப நாலு மடங்கு ஸ்ட்ராங்." துண்டோடு வந்த சுகுமாறன் விரல்களை நீட்டினான். "பாரு. மூணு மாசம் குடிச்சாச்சு. நகம் நீலமாச்சா? நீதான் சும்மா பயந்த."

"ஆகலங்க. அதான் குடிச்சுப் பாத்தாச்சே, நிறுத்திடுங்க."

"நிறுத்துறதா? எனக்கென்ன நோயி?" அவன் சிரித்தான். "என் உடம்பு தாங்குதுன்னு தெரிஞ்சப்புறம்தான், ஒரு மாசமா நீ வேலைக்குக் கிளம்புனதும் பாப்பாவுக்கு ஜாடியிலேர்ந்து ஒரு கிளாஸ் குடுக்குறேன்."