தண்ணித் திருடன்

"சந்தேகமே இல்ல. மாடிவீட்டுக்காரன்தான் நம்ம இன்டர்நெட்டைத் திருடறான்."

கணவன் இதைச் சொன்னபோது மேலே இஸ்திரி போட்ட சட்டையும் டையும், கீழே அரை டிரவுசருமாக நின்றுகொண்டிருந்தான். இன்னும் அரை மணியில் வீடியோவில் இன்டர்வியூ. வேலை போனதிலிருந்து எத்தனையோ இடத்துக்கு அப்ளை பண்ணியும் கடைசிச் சுற்று வரை வந்தது இது ஒன்றுதான். நெட்டோ காலையிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குள் போன் டவரும் கிடைக்காது.

வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. ஒயரைப் பிடுங்கிச் செருகியாயிற்று. கஸ்டமர் கேரில் பாட்டுப் போட்டார்களே ஒழிய ஆள் பேசவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு என்னவோ சமர்த்தாகத்தான் எரிந்தது. ஆனால் அதன் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்தால் நெட் வரவில்லை. வாசல் பக்கம் போனால் கொஞ்சம் வந்தது. மாடிப்படியில் பாதி ஏறினால் நன்றாகவே வந்தது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"பாரு, மேல போகப் போக அதிகமாவுது. மொத்தத்தையும் அவன் மேல இழுத்துக்கறான்."

மனைவியின் முகம் வெளுத்தது. படியிலேயே உட்கார்ந்து பேசிவிடலாமே என்றாள். மாடிவீட்டில் அடிக்கும் பெயின்ட் வாடையில், போகிறவன் வருகிறவன் பார்க்க, இந்தக் கோலத்திலா என்று சீறினான்.

மாடிவீட்டுக்காரர் ரிட்டயர் ஆனவர். தொட்டித் தண்ணீர் விஷயத்தில் ஒரு சண்டை வந்து, அன்றிலிருந்து இரண்டு ஆண்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தக் கோபத்தில் இவன் தன் வைஃபைக்கு வைத்த பெயர் 'தண்ணித் திருடன்'. கட்டடத்தில் யார் போனைத் திறந்து வைஃபை தேடினாலும் அந்தப் பெயர் கண்ணில் படும். படட்டும் என்றுதான் வைத்தான்.

"தண்ணியைத் திருடினவன் நெட்டைத் திருட மாட்டானா?"

மனைவி தடுக்கத் தடுக்க, அதே அரை டிரவுசரோடு படியேறிவிட்டான்.

கதவைத் திறந்தவரை வணக்கம் சொல்லக்கூட விடவில்லை.

"உங்க வைஃபை பெட்டியை அணைங்க. என் நெட் சரியாகுதான்னு பார்க்கணும்."

"இப்பவா தம்பி? அணைச்சா உங்களுக்கு..."

"ஏன், அணைக்க பயமா இருக்கா?"

பெரியவர், இவன் பின்னால் மூச்சிரைக்க வந்து நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பெட்டியை அணைக்க உள்ளே போனார்.

கீழே வந்து பார்த்தால், அதுவரை தத்தித் தத்தியாவது வந்த நெட் சுத்தமாகப் போயிருந்தது. லேப்டாப்பில் 'தண்ணித் திருடன்' என்ற பெயரையே காணோம்.

"பார்த்தியா, பழி வாங்கிட்டான்."

"போதுங்க." மனைவி அழுதே விட்டாள். "நம்ம பெட்டி போன மாசமே போயிடுச்சு. விளக்கு மட்டும்தான் எரியுது. அன்னைக்கு உங்களுக்கு முதல் இன்டர்வியூ. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நேரா மாடிக்குத்தான் போய் நின்னேன். இத்தனை நாளும் நீங்க பேசினது அவரோட நெட்டுல. பெயின்ட் அடிக்கறாங்கன்னு நேத்து பெட்டியை உள் ரூமுக்கு மாத்தியிருக்காங்க. அதான் நமக்குச் சரியா வரல."

"பொய் சொல்லாத. லேப்டாப்புல நான் வெச்ச பேருதானே காட்டிச்சு?"

"அவர் பேருல இருந்தா நீங்க தொடக்கூட மாட்டீங்கன்னு அவருக்குத் தெரியும். அதனால நீங்க வெச்ச பேரையும் பாஸ்வேர்டையும் என்கிட்ட கேட்டு, தன்னோட பெட்டிக்கே போட்டுக்கிட்டாருங்க."

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். வெட்கத்தில் காது வரை சுட்டது. இன்டர்வியூவுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அப்போது மாடிப்படியிலிருந்து தயக்கமாக ஒரு குரல் வந்தது.

"தம்பி, பெட்டியை வாசல்கிட்டயே கொண்டுவந்து போட்டுட்டேன். 'தண்ணித் திருடன்' வந்துட்டானா பாருங்க."