சின்னவிரல் சாட்சி

பாலேந்திராவின் இடது கைச் சின்னவிரலில், நகத்தை ஒட்டி, கருநீல மை. அதைக் கண்டதும் ஆனந்தராஜாவின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை அரை அங்குலம் கீழே இறங்கியது.

"போட்டாச்சு," என்றார் பாலேந்திரா, விரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி. "காலமை ஏழு மணிக்கு, முதல் ஆளா. கொன்சவேட்டிவ் கட்சிக்கு."

லண்டன் நோர்பரியில் துசியந்தி நடத்தும் பலசரக்குக் கடை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று பிளாஸ்டிக் கதிரைகளும் ஒரு சின்ன மேசையும். ஆறு கிழமையாகப் பிரித்தானியாவின் அடுத்த அரசாங்கம் அங்கேதான் அமைக்கப்பட்டும் கவிழ்க்கப்பட்டும் வந்தது.

"உங்கட முழங்காலைப் பாக்க ஆஸ்பத்திரியில ஒன்பது மாசம் காத்திருந்தனீங்கள், அண்ணை," என்றார் ஆனந்தராஜா. "அதுக்குப் பிறகும் அவங்களுக்கோ?"

"லேபர் வந்தா என்ர முழங்கால் தானா மடங்குமோ?"

மூன்றாவது கதிரையில் லோகன் சிரித்தார். கிள்ளானிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியக்காரர். "நான் லிபரல்பா. அவங்க மட்டுந்தான் என் வீட்டுக்கு வந்து பெல் அடிச்சாங்க. இருங்க, பின்னறையிலேர்ந்து பால் எடுத்துட்டு வரேன்."

ஆனந்தராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, வாய் சும்மா இருக்காமல், அவர்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்: வோட்டுப் போடாதவருக்கு அடுத்த தேர்தல் வரைக்கும் இந்தக் கதிரையும் இல்லை, அரசியல் கதைக்க உரிமையும் இல்லை. மூவரும் கையடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

அடுத்த தேர்தலுக்கு ஐந்து வருடம். மனைவி செத்தபிறகு ஆனந்தராஜா ஒரு நாளில் வாய் திறப்பதே இந்தக் கதிரையில்தான்.

இன்று காலை அவரும் போனார். வோட்டுப் போடும் தேவாலய மண்டபத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் இருபது நிமிடம் நின்றார். லண்டனில் இருபத்தெட்டு வருடம். ஒரு தேர்தலிலும் உள்ளே போனதில்லை. சீட்டை எப்படி மடிப்பது, எந்தப் பெட்டியில் போடுவது என்று யாரையும் கேட்கவும் கூச்சம். நோர்பரி முழுவதற்கும் தேர்தல் விளக்கம் கொடுத்த மனிதர் அல்லவா. மெல்லத் திரும்பி வந்துவிட்டார்.

லோகன் பால் போத்தலோடு வந்தார். மற்றக் கையில் சுட்டுவிரல் நிமிர்ந்து நின்றது. அதில் கருநீலக் கோடு.

"நானும் போட்டாச்சு. காட்ட மறந்துட்டேன்."

"சுட்டுவிரலிலயோ?" என்றார் ஆனந்தராஜா.

"எங்க பக்கம் இதுலதான் வெச்சாங்க."

"ஓமோம்," என்று பாலேந்திரா அவசரமாகத் தலையாட்டினார். "அது இடத்துக்கு இடம் மாறும். அதை விடும். நீர் போட்டீரோ?"

"போடாமல்?" ஆனந்தராஜாவின் இடது கை காற்சட்டைப் பைக்குள் ஒளிந்துகொண்டது. "முதல் ஆளுக்குப் பிறகு நான்தான்."

"காட்டும் பாப்பம்."

"கையெல்லாம் வடை எண்ணெய், அண்ணை. கழுவிப்போட்டு வாறன்."

கடையின் பின்னறை. தண்ணீர்க் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டு ஆனந்தராஜா சுற்றிப் பார்த்தார். முட்டைப் பெட்டிக்கு மேல், துசியந்தி விலை எழுதும் மாக்கர் பேனை. மூடி கழன்று பக்கத்தில் கிடந்தது. இந்தப் பிள்ளைக்குக் கவனம் போதாது, மை காய்ந்துவிடும் என்று மனதுக்குள் கண்டித்தபடி சின்னவிரலில் ஒரு கோடு இழுத்தார்.

கருநீலம். பாலேந்திராவின் விரலில் இருந்த அதே கருநீலம். முருகன் கைவிடவில்லை.

திரும்பி வந்து விரலை மேசையில் வைத்தார். "லேபர்," என்றார். கூட்டத்தில் பொய்யன் தான் ஒருவன்தான் என்ற நினைப்பு நெஞ்சில் குத்தியது. ஆனாலும் கதிரை தப்பிவிட்டது.

பாலேந்திரா அவருடைய விரலையே நெடுநேரம் பார்த்தார். பிறகு ஏனோ கண்ணை எடுத்துக்கொண்டார். லோகன் பால் போத்தலில் இருந்த திகதியை வாசித்தார்.

"என்ர மாக்கரை ஆர் எடுத்தது?" துசியந்தி உள்ளே வந்தாள். ஒரு கையில் அடுத்த வடைத் தட்டு, மறு கையில் வெறும் விலை மட்டை. "மத்தியானத்திலயிருந்து தேடுறன்."

"அதை விடு பிள்ளை," என்றார் ஆனந்தராஜா. பேச்சை மாற்ற இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. "நீ வோட்டுப் போட்டனியோ?"

"ஓம் அண்ணை. கடை திறக்க முதலே போய்ப் போட்டுட்டன். ஒவ்வொரு முறையும் அப்பிடித்தானே."

"அப்ப உன்ர விரலையும் வை. நாலு விரலையும் ஒரு படம் எடுப்பம்."

மற்ற இருவரும் விரலை மேசையில் வைத்தார்கள். துசியந்தி தட்டையும் மட்டையையும் இறக்கிவிட்டு இரண்டு கையையும் விரித்து வைத்தாள். பத்து விரலிலும் மஞ்சள் கறை மட்டும்.

மூன்று ஆண்களும் குனிந்து பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆனந்தராஜாவுக்கு இழந்த வீரம் எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தது.

"இதுக்கேன் பிள்ளை பொய்?" என்றார், பெரிய மனுசத் தோரணையில். "போடேல்லை எண்டா போடேல்லை எண்டு சொல்லு. நாங்கள் என்ன, கோவிக்கப் போறமோ?"

"ஓம், எங்களைப் போல நேர்மையாச் சொல்லலாம்தானே," என்றார் பாலேந்திரா.

துசியந்தி மேசையில் வரிசையாகக் கிடந்த மூன்று கருநீலக் கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த வெற்று விலை மட்டையைப் பார்த்தாள்.

"இந்த நாட்டில ஒருத்தரும் விரலில மை பூசுறேல்லை, அண்ணையவை."